கறுப்பு நீர் ஓடும் வழி: ஆயர் ஈத்தாம் ஆறும் அதன் கரையில் நம்மவர்களும்

ஆயர் ஈத்தாம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கெக் லோக் சி கோயில், சந்தை அருகே விற்கும் லக்சா, கொடிமலைக்கு ஏறும் ரயில் ஆகியவைதான். ஆனால் இந்தப் பெயர் முதலில் ஓர் ஆற்றுக்கு உரியது. மலாயில் 'ஆயர்' என்றால் நீர், 'ஈத்தாம்' என்றால் கறுப்பு. ஆற்றின் நிறத்தைக் கண்டு வைத்த பெயர் கம்பத்துக்கும், பிறகு பட்டணத்துக்கும், சட்டமன்றத் தொகுதிக்கும் வந்து சேர்ந்தது. பக்கத்துத் தொகுதியின் பெயர் ஆயர் பூத்தே, அதாவது வெள்ளை நீர். ஒரே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் கறுப்பு நீரும் வெள்ளை நீரும் அக்கம்பக்கமாக இருக்கின்றன.

அடர்ந்த காட்டில் விழுந்து ஊறும் இலையும் பட்டையும் ஓடை நீருக்குத் தேயிலைச் சாயம் போன்ற நிறத்தைக் கொடுக்கும். ஆழமான குட்டையில் அது கறுப்பாகத் தெரியும். கையில் அள்ளினால் தெளிவாக இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் காட்டோரத்து ஆறுகளில் இதைப் பார்த்திருப்பார்கள். ஆக, பெயரில் உள்ள கறுப்பு அழுக்கைக் குறிப்பதல்ல. இன்று சந்தைக்குக் கீழே மழையில்லாத நாளில் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவில் தெரியும் கறுப்பு வேறு. இந்த ஆற்றின் வரலாறு என்பது முதல் கறுப்பு இரண்டாவது கறுப்பாக மாறிய வரலாறுதான். அந்த மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் தமிழர்கள் இதன் கரையில் இருந்திருக்கிறார்கள்.

மலையிலிருந்து கடல் வரை

பினாங்குத் தீவின் நடுவே உள்ள மலைத்தொடரின் உச்சி 833 மீட்டர் உயரம். அதன் கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் சேர்ந்துதான் சுங்கை ஆயர் ஈத்தாம் உருவாகிறது. கடல் மட்டத்திலிருந்து 230 மீட்டருக்கு மேலான இடத்தில், 1962-ஆம் ஆண்டு முதல் ஓர் அணை அதை மறித்து நிற்கிறது. அங்கிருந்து கெக் லோக் சி இருக்கும் குன்றைச் சுற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் இறங்குகிறது. அணையிலிருந்து சந்தை வரை சில கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 200 மீட்டர் இறக்கம். சந்தையிலிருந்து கடல் வரை நேர்க்கோட்டில் சுமார் 5 கிலோமீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் சமதரை. இந்த இரண்டு அளவுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் வெள்ளத்துக்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது.

சமதரைக்கு வந்ததும் மற்ற ஆறுகளும் வந்து சேர்கின்றன. தெற்கே பாயா தெருபோங் பள்ளத்தாக்கின் நீரைச் சுமந்து வருவது சுங்கை டொண்டாங். வடக்கே தாவரவியல் பூங்காவின் அருவியிலிருந்து இறங்குவது சுங்கை ஆயர் தெர்ஜுன். கடலுக்குச் சற்று முன்னால் சுங்கை ஜெலுத்தோங் கலக்கிறது. எல்லாம் சேர்ந்து நகருக்குள் ஓடும் ஆற்றுக்குச் சுங்கை பினாங் என்று பெயர். சுமார் 50 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் மழைநீர் முழுவதும் இந்த ஒரே வாய் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். ஜார்ஜ்டவுனின் பெரும்பகுதியும், ஆயர் ஈத்தாம், பண்டார் பாரு ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் அடுக்குமாடிகளும் அந்தப் பரப்பில் அடங்கும்.

சாதிக்காய்த் தோட்டமும் மாளிகையும்

1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கிச் சில ஆண்டுகளுக்குள் ஆயர் ஈத்தாம் பள்ளத்தாக்கு விவசாய நிலமாக மாறத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1794-இல் கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரின் பொறுப்பில் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் அமைத்தது. மொலுக்கஸ் தீவுகளில் டச்சுக்காரர்கள் பூட்டி வைத்திருந்த சாதிக்காயையும் கிராம்பையும் பினாங்கில் விளைவிப்பதே நோக்கம். 1805-இல் கம்பெனி அந்தத் தோட்டத்தைக் கைகழுவி விற்றுவிட்டது. ஆனாலும் வாசனைப் பயிர் மோகம் தனியார் தோட்டங்களில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது.

லைட் தன் மிளகுத் தோட்டத்துக்குத் தன் சொந்த மாவட்டமான சஃபோக்கின் பெயரை வைத்தார். அந்த நிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சஃபோக் மாளிகை இன்றும் ஜாலான் ஆயர் ஈத்தாமில், ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. ஆளுநர்கள் குடியிருந்த வீடு. சிங்கப்பூர் நிறுவப்படுவதற்கு முன் ராபிள்ஸ் வந்து பேசிய இடம் என்ற பெயரும் இதற்கு உண்டு. பின்னர் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியின் கையில் இருந்து, பாழடைந்து, 2000-களில் புதுப்பிக்கப்பட்டது. பழைய ஓவியங்களில் இந்த வீட்டின் முன்னால் புல்வெளியும் வளைந்து ஓடும் ஆறும் இருக்கும். வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது. பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வரவில்லை.

தண்ணீர்மலை

பினாங்குத் தமிழர்கள் தம் முருகனைத் தண்ணீர்மலையான் என்றுதான் அழைக்கிறார்கள். தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் ஏறும் அந்த மலைக்குத் தண்ணீர்மலை என்ற பெயர் தந்தது அருவி. பினாங்கு துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்குக் குடிநீர் இந்த மலையின் அருவி நீர்தான். ஜார்ஜ்டவுனுக்கும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலை ஓடை நீரைச் செங்கல் கால்வாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். பின்னர் இரும்புக் குழாய்கள் வந்தன. 1910-இல் அருவியருகே இருந்த தாவரவியல் பூங்காவையே மூடி நீர்த்தேக்கமாக்க நகராட்சி திட்டமிட்டது. திட்டம் கைவிடப்பட்டு 1912-இல் பூங்கா திரும்பக் கிடைத்தது. இல்லாவிட்டால் நாம் குரங்கு பார்க்கப் போகும் இடம் இன்று குளமாக இருந்திருக்கும்.

ஆக, நம் மக்கள் வைத்த பெயர் பக்தியில் மட்டும் பிறந்ததல்ல. ஊருக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தவர்கள் வைத்த பெயர் அது. 1857-இல் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் அருவிக்குப் போகும் அதே சாலையில்தான் இருக்கிறது. அருவியிலிருந்து இறங்கும் சுங்கை ஆயர் தெர்ஜுன் வேறு, ஆயர் ஈத்தாம் ஆறு வேறு என்றாலும் நகருக்குள் இரண்டும் ஒரே ஆற்றில்தான் முடிகின்றன.

வண்ணார்துறை

ஜாலான் ஆயர் ஈத்தாமை ஒட்டி, சுங்கை ஆயர் தெர்ஜுன் கரையில், டோபி காட் என்ற சிறு குடியிருப்பு இருக்கிறது. தமிழில் வண்ணார்துறை. தமிழ்நாட்டிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஆற்று நீரை நம்பி இங்கே குடியேறினார்கள். தங்களுக்கென ராமர் கோயிலும் எழுப்பினார்கள். பினாங்குத் தமிழர் வரலாறு எழுதுகிறவர்கள் துறைமுகத்தையும் செட்டியார் கிட்டங்கிகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்தத் துறை ஓரிரு வரியில் முடிந்துவிடும். அது நியாயமில்லை.

சலவைத் தொழிலுக்கு ஆறு எப்படி வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அலசிய அழுக்கு தேங்கக் கூடாது. கலங்கல் இருந்தால் வெள்ளைத் துணி பழுப்பேறிவிடும். கரையில் துணி உலர்த்த வெயில் விழும் திடல் வேண்டும். வாடிக்கையாளர் வீடுகள் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். மலையடிவாரத்துக்கும் நகருக்கும் நடுவில், இவை அனைத்தும் கூடி வந்த இடம் இது. கல்லில் அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து, கரிப்பெட்டியால் தேய்த்து, யாருடைய துணி என்று அடையாளம் காண ஓரத்தில் வண்ணான் குறி இட்டு அனுப்புவார்கள். பங்களாத் துரைமாரின் வெள்ளை உடுப்புகள் வெள்ளையாகவே இருந்ததற்கு இந்த ஆறும் இந்தக் கைகளும் காரணம்.

நகரம் வளர்ந்து ஆறு கலங்கியதும் துறை முதலில் இழந்தது ஆற்றைத்தான். துவைப்பவர்கள் குழாய் நீருக்கு மாறினார்கள். இலவசமாக ஓடிய நீருக்குப் பதிலாக மாதா மாதம் பில் வந்தது. அதன்பின் வீட்டுக்கு வீடு சலவை இயந்திரம். இன்றும் சில குடும்பங்கள் தொழிலை விடாமல் வைத்திருக்கின்றன. இப்போது ஒவ்வொரு தாமானிலும் கடைவரிசையில் 'டோபி' என்ற பெயர்ப்பலகை தொங்குகிறது. நாணயம் போட்டால் இயந்திரம் துவைத்துத் தருகிறது. மலாய் மொழிக்குள் அந்த இந்தியச் சொல்லைத் தூக்கி வந்தவர்கள் இப்படிப்பட்ட துறைகளில் நின்றவர்கள்தான். சொல் நிலைத்துவிட்டது, துறையில் ஆறு நிலைக்கவில்லை.

ஒரு நகர ஆறு எப்போது கெட்டது என்று ஆய்வுக்கூட அறிக்கை சொல்வதற்கு முன்பே அதைச் சொல்லக்கூடியவர்கள் சலவைத் தொழிலாளர்கள். அவர்கள் கரையேறிய நாளில் ஆறு கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அணைக்கு மேலே, அணைக்குக் கீழே

1962-இல் கட்டி முடித்த ஆயர் ஈத்தாம் அணை இரண்டு பில்லியன் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீர் தேக்கக்கூடியது. கேட்கப் பெரிதாக இருக்கலாம். ஆனால் பினாங்கு மாநிலத்துக்கான மூல நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் வருவது கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடாவிலிருந்து. கடலுக்கடியில் போட்ட குழாய்கள் அதைத் தீவுக்குக் கொண்டுவருகின்றன. ஆயர் ஈத்தாம் அணை இன்று முதன்மையாக வறட்சிக்கால இருப்பு. 2024-இல் மழை பொய்த்தபோது இந்த அணையும் தெலுக் பஹாங் அணையும் இறங்கிக்கொண்டே போனதால் செயற்கை மழைக்கு முயற்சி எடுக்க வேண்டியிருந்தது.

அணை வந்ததால் ஆற்றுக்கு இன்னொன்றும் நேர்ந்தது. மேல்மலையின் சுத்தமான நீர் அணையில் நின்றுவிடுகிறது. கீழே மழையில்லாத நாளில் ஓடுவது பக்கத்து ஓடைகளின் நீரும் கால்வாய்களின் நீரும். கழிவைக் கழுவிக் கரைக்கும் நல்ல நீர் குறைந்துவிட்ட அதே காலத்தில்தான் கழிவு பெருகியது. 1980-களில் தியன் தெய்க் எஸ்டேட் என்ற பழைய கம்பம் இருந்த இடத்தில் பண்டார் பாரு ஆயர் ஈத்தாம் எழுந்தது. ஃபார்லிம் என்று நாம் அழைப்பது அதைத்தான். அதைத் தொடர்ந்து பாயா தெருபோங் சரிவுகளில் அடுக்குமாடிகள் ஏறின.

ஆற்று நீரின் தரத்தைச் சுற்றுச்சூழல் துறை ஆறு அளவுகளைக் கொண்டு கணிக்கிறது. நீரில் கரைந்த உயிர்வாயு, அதைத் தின்னும் கழிவைக் காட்டும் இரண்டு அளவுகள், அமோனியா, மிதக்கும் மண், காரத்தன்மை. இவற்றைச் சேர்த்து 100-க்கு ஒரு மதிப்பெண் போட்டு ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். 92.7-க்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு, 31-க்குக் கீழே போனால் ஐந்தாம் வகுப்பு. மலைக்காட்டில் நல்ல மதிப்பெண்ணோடு புறப்படும் நீர் நகருக்குள் வந்ததும் சரிகிறது. சுங்கை பினாங் பல்லாண்டுகளாக நாட்டின் மாசடைந்த ஆறுகள் பட்டியலில் இடம்பிடித்து வந்தது.

தோட்டப்புற வாசகர்களுக்கு ஆறு கெடுவதென்றால் ஆலைதான் நினைவுக்கு வரும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் முதலில் வந்த விதிமுறைகளே செம்பனை ஆலைக் கழிவுக்காக 1977-இலும் ரப்பர் ஆலைக் கழிவுக்காக 1978-இலும் வந்தவைதான். அங்கே விரல் நீட்ட ஓர் ஆலை இருந்தது, ஆலைக்கு ஒரு குழாய் இருந்தது. ஆயர் ஈத்தாமில் அப்படி ஒரு குழாயைக் காட்ட முடியாது. சந்தையில் மீன் கழுவிய நீர், சாப்பாட்டுக் கடை எண்ணெய், பட்டறை கிரீஸ், வீட்டுச் சமையலறை நீர் எல்லாம் லோங்காங் வழியாக வருகின்றன. கழிப்பறைக் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனாலும், பாத்திரம் கழுவிய நீர் பல இடங்களில் மழைநீர்க் கால்வாய்க்கே போகிறது. ஆயிரம் சிறு வாய்கள். அபராதம் போடக்கூட ஆள் அகப்படாத மாசு இது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'ஒரு மாநிலம், ஓர் ஆறு' திட்டத்தில் பினாங்குக்குத் தேர்வானது சுங்கை பினாங்தான். குப்பை மடக்கும் தடுப்புகள் போட்டார்கள், கரைகளைச் சீர்படுத்தினார்கள். கண்ணுக்குத் தெரியும் குப்பையைத் தடுப்பு பிடிக்கும். கரைந்து வரும் எண்ணெயையும் அமோனியாவையும் அது பிடிக்காது.

2017 நவம்பர்

நவம்பர் 4-ஆம் தேதி பிற்பகல் தொடங்கிய மழையும் காற்றும் மறுநாள் வரை ஓயவில்லை. 24 மணி நேரத்தில் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. பினாங்கில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சுமார் 2,400 மில்லிமீட்டர்தான்; அதில் எட்டில் ஒரு பங்கு ஒரே இரவில் இறங்கியது. தீவிலும் பெருநிலத்திலுமாக 7 பேர் உயிரிழந்தனர். இராணுவம் வந்தது. சுங்கை பினாங் கரையோரம் ஜாலான் பி. ரம்லி, கம்போங் மாக்காம், லோரோங் செரத்துஸ் தாஹுன் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் ஏறியது. இந்தப் பெயர்களைப் பினாங்கு மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சாதாரண கனமழைக்கே செய்தியில் அடிபடும் இடங்கள் இவை. 1929-இல் பி. ரம்லி பிறந்த வீடும் இந்தத் தாழ்நிலத்தில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு அளவுகளுக்கு இங்கே திரும்ப வேண்டும். மலையில் செங்குத்து இறக்கம், கீழே சமதரை. மலையில் பெய்த மழை வேகமாக ஓடிவந்து நகரத்தில் தயங்கி நிற்கிறது. அதே நேரத்தில் கடல் பெருக்கில் இருந்தால் ஆற்றின் வாயே அடைபட்டுப்போகும். பினாங்குக் கரையில் பெருக்கு 2 மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது கால்வாய் நீர் ஆற்றுக்குப் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்புகிறது. ஜாலான் பி. ரம்லிக்காரர்கள் மழை எவ்வளவு என்பதோடு கடல் எப்போது ஏறும் என்பதையும் சேர்த்துக் கேட்பது இதனால்தான்.

மூன்றாவதாக மண். காடு இருக்கும் சரிவு மழையை உறிஞ்சி மெதுவாக விடும். வெட்டிய சரிவு மழையோடு மண்ணையும் அனுப்பும். அந்த மண் ஆற்றின் அடியில் படிந்து, ஆற்றின் கொள்ளளவைக் குறைக்கும். பினாங்கில் 76 மீட்டர் உயரத்துக்கு மேலான நிலத்திலும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்திலும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் பழைய அனுமதிகள், சாலைகள், சிறப்புத் திட்டங்கள் என்று விதிவிலக்குகளும் உண்டு. 2018 அக்டோபர் 19-இல் பாயா தெருபோங் புக்கிட் கூகூஸில் சாலைத் திட்டப் பகுதியில் சரிவு இடிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஓராண்டுக்கு முன் தஞ்சோங் பூங்காவில் 11 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பாட்டன்மார் ஒரு காலத்தில் நின்ற அதே இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

வெள்ளத்தடுப்புத் திட்டம் பேச்சில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பகுதி பகுதியாக வேலையும் நடந்திருக்கிறது. ஆற்றை அகலப்படுத்துவது, ஆழப்படுத்துவது, நீரேற்று நிலையங்கள், கடல் நீரைத் தடுக்கும் கதவு எனக் கீழ்ப்பகுதிக்கான தீர்வுகளே இதில் அதிகம். அகலப்படுத்த நிலம் வேண்டும், நிலத்தில் மக்கள் இருக்கிறார்கள். கம்பத்து வீடுகளை எடுத்தால் அந்தக் குடும்பங்களுக்கு அதே வட்டாரத்தில் மாற்று வீடு கிடைக்குமா என்பதுதான் அங்குள்ளோரின் முதல் கேள்வி. நீர் மட்டம் அதற்குப் பிறகுதான். மேற்பகுதிக்குச் செலவில்லாத தீர்வு ஒன்று இருக்கிறது: இருக்கும் காட்டைத் தொடாமல் விடுவது. கொடிமலையும் அதைச் சுற்றிய 12,481 ஹெக்டரும் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சுற்றுலாப் பிரசுரங்களில் மலை அணிலையும் பறவையையும் காட்டுகிறார்கள். ஜாலான் பி. ரம்லியின் வீட்டு வாசல்களையும் சேர்த்துக் காட்டலாம்.

இன்று பார்க்க விரும்பினால்

ஆற்றின் பழைய முகத்தைப் பார்க்க அணைப் பக்கம் போக வேண்டும். கெக் லோக் சியைத் தாண்டி வளைந்து ஏறும் சாலை அங்கே போகிறது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோர் கூட்டம் இருக்கும். மலையுச்சிக்கு ரயிலில் போனால் அருளொளி திருமுருகன் ஆலயத்துப் பக்கம் நின்று கீழே பாருங்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து கடல் வரை ஆற்றின் பரப்பு முழுவதும் கண்முன் விரியும். நடுவில் ஆற்றைத் தேடினால் தெரியாது, கட்டடங்கள் மறைத்திருக்கும். சஃபோக் மாளிகையில் கரைக்கு அருகில் போகலாம். கடைசிப் பகுதி துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையின் பாலத்துக்கு அடியில் கடலில் சேர்கிறது.

கரையோரம் குடியிருப்பவர்கள் மழைக்காலத்தில், குறிப்பாக செப்டம்பர் முதல் நவம்பர் வரை, வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்திருப்பது நல்லது. ஆற்று மட்டத்தைச் சாதாரணம், கவனம், எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகளில் காட்டுவார்கள். எச்சரிக்கை நிலை வந்தால் காரை மேட்டுக்கு நகர்த்துங்கள். கடல் பெருக்கு நேரத்தையும் அதோடு பார்த்துக்கொள்ளுங்கள். பெருக்கும் மழையும் ஒரே மணி நேரத்தில் வருவதாக இருந்தால் எச்சரிக்கை நிலைக்குக் காத்திருக்க வேண்டாம்.